மூணாறில் அட்மின் யார்?

இணையத்தில் ஊர் கூடிப் பேச ஒரு பலகை வேண்டும், எந்த மென்பொருளைப் போடலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அடிதடி. 2000ஆம் ஆண்டில் வந்த பிஹெச்பிபிபி இலவசம், கிழடானாலும் உழைக்கும் என்பார் ஒருவர். டிஸ்கோர்ஸ்தான் லட்சணம் என்பார் அடுத்தவர். காசு கொடுத்து வாங்கினால்தான் மரியாதை என்று விபுல்லட்டின் கட்சிக்காரர் மூக்கை நுழைப்பார். எழுத்துரு, நிறம், ஸ்மைலி எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு நடக்கும். அட்மின் சாவி யார் மடியில் இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூணாறில் ஒன்றரை நூற்றாண்டாகச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் சர்வர் விவகாரம். 1877 ஜூலையில் பூஞ்சாறு ராஜா, கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். (நம்ம ஊர் தாமஸ் மன்றோ வேறு ஆள்.) பூஞ்சாறு குடும்பம் மதுரைப் பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பம். மதுரையையே விட்டு வந்தவர்களுக்கு ஒரு மலையை விட எவ்வளவு நேரம் ஆகும்? 200 சதுர மைலுக்கு மேல் ஒரே கையெழுத்தில் போனது. அந்தக் காட்டில் அதற்கு வெகு காலம் முன்பே முதுவர்கள் குடியிருந்தார்கள். அவர்களும் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத்தான் கதை சொல்கிறார்கள். துரைமாருக்குக் காட்டில் வழி காட்டியவர்களும் அவர்களே. ஆனால் ஒப்பந்தத்தை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. 'ஏற்றுக்கொள்கிறேன்' பொத்தானை எல்லாருக்குமாகச் சேர்த்து ராஜாவே அமுக்கிவிட்டார். திருவிதாங்கூர் சர்க்கார் பின்னால் வந்து முத்திரை வைத்தது.

கண்ணன் தேவன் என்பவர் அஞ்சுநாட்டுப் பக்கம் இருந்த ஒரு தலைவர் என்பார்கள். மலைக்குப் பெயர் கொடுத்த அந்த மகானுக்குக் கடைசியில் மிஞ்சியது டீத்தூள் பாக்கெட் மேல் ஓர் இடம். ராயல்டி பற்றிப் பேச்சே இல்லை.

1879இல் மன்றோவும் கூட்டாளிகளும் வடதிருவிதாங்கூர் நில, தோட்ட, விவசாயச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மலையை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு சிங்கோனா, காபி, ஏலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நட்டுப் பார்த்தார்கள். 1880 வாக்கில் ஏ.எச்.ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை வைத்தார். 1895இல் ஃபின்லே மியூர் கம்பெனி உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பிறந்தது. ஆளுக்கொரு அட்மினாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. பிறகு ஒரே அட்மின், தலைமையகம் ஸ்காட்லாந்தில்.

துரைகளுக்குப் பேச இடம் வேண்டாமா? 1909இல் ஹைரேஞ்ச் கிளப் வந்தது. உறுப்பினர் மட்டும் நுழையலாம்; உறுப்பினர் ஆவதற்கு அப்போது வெள்ளைத்தோல் வேண்டியிருந்தது. அதற்குள்ளேயே இன்னொரு ரகசிய அறை: ஆண்கள் மட்டும் உட்கார்ந்த பார். மலையில் முப்பது வருஷம் தாக்குப்பிடித்த தோட்டத்துரையின் தொப்பியை அதன் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அந்தத் தொப்பிகள் இப்போதும் தொங்குகின்றன. முகம் கிடையாது, தொப்பி மட்டும். உலகத்தின் முதல் புரொஃபைல் படம் எது என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால் என் ஓட்டு அந்தச் சுவருக்கு.

அந்தத் தொப்பிகளுக்குக் கீழே வேலை செய்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறியவர்கள். அவர்களைப் பதிவு செய்து அழைத்து வந்தவர் கங்காணி. முன்பணம் கொடுப்பார், கணக்கு எழுதுவார், கமிஷன் எடுப்பார், சண்டை தீர்ப்பார், தீராத சண்டையை மூட்டியும் விடுவார். இன்றைக்கு மாடரேட்டர் என்று சொல்கிறோமே, அந்த வேலையின் எல்லாக் குணமும் அவரிடம் இருந்தது. சேருவதற்கு ஒரு கைநாட்டுப் போதும். முன்பணக் கடன் தீராமல் வெளியேற முடியாது. கடன் எப்போது தீரும் என்பது கங்காணியின் நோட்டுக்குத்தான் தெரியும். விடிகாலையில் பெரட்டு, அதாவது ஆஜர் கணக்கு. பெயர் கூப்பிட்டால் 'இருக்கேன்யா' என்று சொல்லலாம். தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்ட பின்னூட்டம் அவ்வளவுதான்.

நெட்வொர்க் கதை தனிக் கூத்து. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மோனோரயில் போட்டார்கள். அவசரப்பட்டுப் பெருமைப்பட வேண்டாம், இழுத்தது காளைமாடு. 1908இல் அதை இரண்டடி அகல ரயிலாக மாற்றி எஞ்சினைப் பூட்டினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டி கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். அப்புறம் போடி, தூத்துக்குடி, கப்பல். பெட்டி சொகுசாக இறங்கியது. கொழுந்து கிள்ளியவர் அதே மலையைக் கால்நடையாய் ஏறினார். 1924 ஜூலையில் மலையாளத்தார் இன்னமும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில் பேசும் மழை வந்தது. ரயில் பாதை போயே போய்விட்டது. பேக்கப் எடுத்து வைக்கவில்லை. மறுபடி போடவும் இல்லை.

வெள்ளைக்காரன் ஊருக்குப் போனதும் பெரிய இடமாற்றம் வந்தது: எந்த மொழிப் பலகையில் இந்த மலையைச் சேர்ப்பது? தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர்தான் அதிகம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டையும் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்டது. 1954இல் அதன் தலைவர் மார்ஷல் நேசமணி தேவிகுளம் வந்தார். திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு அவரைக் கைது செய்தது. அந்த ஆகஸ்டில் இதே போராட்டத்தில் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுப் பல உயிர் போயிற்று. அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, தாண்டிப் போகிறேன்.

மாநில எல்லைகளைப் பிரிக்க வந்த ஃபசல் அலி ஆணையம் கணக்குப் பார்த்தது. தமிழர் பெரும்பான்மையா? ஆமாம். ஆனால் தோட்டத் தொழிலாளிகள் வந்து போகிறவர்களாயிற்றே என்றொரு வாதம். பாட்டன் நட்ட செடியில் பேத்தி கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கு இன்னும் 'கெஸ்ட்' கணக்கு! 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன. "குளமாவது மேடாவது" என்று காமராஜர் கையை உதறியதாக ஒரு பேச்சு இன்றும் சுற்றுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, சொன்னார் என்று நம்பாத மூணாறுத் தமிழரை நான் பார்த்ததில்லை.

போகட்டும், ஓட்டுரிமையாவது இருந்தது. 1957இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலில் உறுதிமொழி எடுத்தவர் அவர்; தற்காலிக சபாநாயகரும் அவர். எதிராளியின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்கு வந்து, முதலில் பதவி பறிபோனவரும் அவரேதான். முதலில் லாகின், முதலில் பிளாக்! 1958இல் இடைத்தேர்தல். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறி தொழிலாளர் குடியிருப்பான லயம் லயமாகப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். பாவலரின் தம்பி ராசையாதான் பின்னாளில் இளையராஜா ஆனவர் என்பதால், அந்தத் தேர்தலில் நிஜமாக யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கங்காணி போனார், யூனியன் வந்தது. ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என்று மூன்று கடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு ஆபீஸ், மாசாமாசம் சந்தா. சும்மா சொல்லக் கூடாது, கூலியும் விடுமுறையும் பிரசவச் சலுகையும் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவை அவை. ஆனால் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் மைக் பிடிப்பவர் எல்லாம் ஆண்கள். பெண்கள் பேசலாம், தடை இல்லை. யூனியன் தலைவரிடம் பேச வேண்டும், அவர் கம்பெனியிடம் பேசுவார். கம்பெனி சொன்ன பதிலை அவர் திரும்பி வந்து சொல்வார். சொல்ல மறந்தால் அதற்குத் தனிப் புகார் எண் கிடையாது.

2005இல் ஒரு புரட்சி நடந்தது, குறைந்தபட்சம் காகிதத்தில். அதற்குள் மலைக்கு அட்மினாகியிருந்த டாடா டீ ஒதுங்கிக்கொள்ள, ஊழியர்களே பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கேடிஹெச்பி (கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்) கம்பெனி உருவானது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பங்குதாரர்கள்! உலகமே வந்து பார்த்து வியந்த ஏற்பாடு. எல்லாருமே அட்மின் என்று அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. பாஸ்வேர்டு மட்டும் பழைய மேசை இழுப்பறையிலேயே இருந்தது. பத்து வருஷம் கழித்தும் முதலாளியம்மா விடியற்காலையில் எழுந்து, கூடை மாட்டி, 232 ரூபாய் தினக்கூலிக்கு மலையேறிக்கொண்டிருந்தார்.

2015இல் அந்த முதலாளியம்மாவுக்கு போனஸ் 10 சதவீதம் என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யூனியன்காரர்கள் தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் செருமவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு டவுனுக்கு இறங்கிக் கம்பெனி ஆபீஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நூறு பேர் இல்லை, ஆயிரக்கணக்கில். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை அடைந்து போயிற்று. தேனிலவுக்கு வந்த ஜோடிகள் காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க வந்தவர்களுக்குத் தோட்டமே ரோட்டில் வந்து உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திரும்பிச் செல்ஃபி எடுப்பது என்று குழப்பம்.

பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழா மலையாளமா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் நின்று பதில் சொல்லவில்லை. லிஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்ற மூன்று பெயர்கள் செய்திகளில் வந்தன. முதல் விதி: எந்த யூனியன் தலைவருக்கும் இங்கே இடமில்லை. நீங்கள் கம்பெனியிடம் சலுகை வாங்கியவர்கள் என்று முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார்கள். ஆதரவு தெரிவிக்க வந்த தலைவர்கள் வந்த வேகத்தில் ஜீப் ஏறினார்கள். நாற்பது ஐம்பது வருஷமாக மற்றவர் வாயை மூடியும் திறந்தும் பழகிய மாடரேட்டர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் நீக்கம். எந்த மென்பொருளின் கையேட்டிலும் இப்படி ஒரு பொத்தான் கிடையாது.

ஒருவருக்கு மட்டும் விலக்கு. வி.எஸ்.அச்சுதானந்தன், வயது தொண்ணூறைத் தாண்டியவர், அப்போது எதிர்க்கட்சித் தலைவர். தீர்வு வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பெண்களோடு உட்கார்ந்தார். அவருடைய கட்சியின் தொழிற்சங்கத்தைத்தான் அவர்கள் சற்று முன்பு விரட்டியிருந்தார்கள் என்பதை இரண்டு தரப்புமே நாகரிகமாக மறந்துவிட்டது. செப்டம்பர் 13ஆம் தேதி ராத்திரி சேதி வந்தது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. கூட்டினால் சரியாக 20. போனஸ் என்று 20 கொடுத்தால் கம்பெனிக்குக் கௌரவக் குறைச்சல். போனஸோடு கருணை சேர்ந்தால் குறைச்சல் இல்லை. பெண்கள் கூட்டல் தெரிந்தவர்கள், ஒப்புக்கொண்டார்கள். டவுனில் அன்று இரவு தூக்கம் இல்லை.

கூலியை 500 ஆக்கு என்பது அடுத்த கோரிக்கை. அதைப் பேச வேண்டிய இடம் தோட்டத் தொழிலாளர் கமிட்டி. அரசு, முதலாளிகள், அங்கீகாரம் பெற்ற யூனியன்கள் உட்காரும் மேசை அது. ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கவில்லை. அக்டோபரில் முடிவானது 301 ரூபாய். மேசையின் தொழிலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் செப்டம்பரில் ஜீப் ஏறிய அதே பெருமக்கள். நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது கோமதி வட்டாரப் பஞ்சாயத்துக்கு நின்று ஜெயித்தார். கொஞ்ச காலத்திலேயே பெம்பிளை ஒருமைக்குள்ளும் யார் தலைவி என்று தகராறு கிளம்பியது.