காது கொடுத்த கர்ணன்

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கொடுத்துவிட்டு நடந்தேதான் வீட்டுக்குப் போயிருப்பான், பாவம். மதுரை பைபாஸ் ரோட்டு வள்ளலுக்கு அந்த அவதி இல்லை. தேரைத் தானே வைத்துக்கொண்டு, அதற்குள் ஓடும் பாட்டை மட்டும் ஊருக்கு வாரி வழங்குகிறார். காளவாசல் சிக்னலில் நிற்பவர்கள் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். கேளாமல் கொடுப்பதல்லவா கொடை!

தேரும் லேசுப்பட்டதல்ல. போலோ ஜிடி. 2013-இல் இந்தியச் சாலைக்கு வந்த 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன். ஃபெராரியைப் படத்தில் மட்டும் பார்க்கிற நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான். 2022-இல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றுபோன பிறகு, செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்தார். அந்த எஞ்சின் முறுக்கேறும் சத்தத்துக்காகவே காரை வாங்குகிறவர்கள் உண்டு. நம்மவர் அதை இதுவரை கேட்டதில்லை. அவ்வளவு பற்றற்ற மனம்.

கம்பெனி செட்டைப் பார்த்து அவர் மனம் உருகியது. கதவுப் பேனலுக்குள் மெல்லிய கோன், கையளவு காந்தம். கொஞ்ச வாட்டிலேயே பாடட்டும் என்றுதான் எடை குறைவாகச் செய்திருக்கிறார்கள். ஏழையாகப் பிறந்தது குற்றமா? இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கினார். இந்தக் காலத்தில் சிக்கனமான தொகைதான். அதை அவர் செலவழித்த அழகு இருக்கிறதே, அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமே போடலாம்.

முதலில் ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை. காதுக்கு வாங்கப் போனவர் கண்ணுக்கு வாங்கி வந்தார். ஐம்புலன்களையும் சமமாக நடத்தும் பெருந்தன்மை. அட்டைப்பெட்டியில் ‘4 x 50 வாட்’ என்று அச்சடித்திருந்தது. ஜெர்மனியில் ஓம் என்பவர் 1827-இல் ஒரு விதியை எழுதி வைத்தார். அதன்படி, கார் ஓடும்போது கிடைக்கிற 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு நாலு ஓம் ஸ்பீக்கருக்கு, ஒரு துளி நஷ்டம் இல்லாவிட்டாலும், சேனலுக்கு 26 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. நிஜத்தில் இருபதை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் ஓம் சொன்னாலும் அட்டைப்பெட்டி சொன்னதே வேதம் என்று நம்பினார் வள்ளல். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகப் படவேண்டுமானால் வாட் பத்து மடங்கு ஏற வேண்டும் என்கிற சங்கதியை அவரிடம் சொல்லி அந்த நம்பிக்கையைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்து, பின்னால் டிக்கி மேலிருக்கும் தட்டை வெட்டி ஒரு ஜோடி ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கர். ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்க, பாட்டு பின்னாலிருந்து பிடரியில் வந்து விழும். காலியான பின்சீட்டுக்கு முதல் மரியாதை. ஸ்பீக்கர் பாடாத நேரத்தில் தட்டு பாடும்.

ஃபிட்டர் அண்ணன் கைராசிக்காரர். காரோடு வந்த கப்ளரில் அப்படியே சொருகிக்கொள்ள அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த வீண்செலவை மிச்சம் பிடித்து, கட்டிங் பிளேயரால் வயரைக் கத்தரித்து, முறுக்கி, டேப் சுற்றினார். சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகும். அது டேப்பின் குறை. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் வயரில் ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைக்கச் சொல்கிறார்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் இருக்க. வீரம் விளைந்த மண்ணில் அதற்கெல்லாம் பயப்படலாமா?

இந்த அவசரத்தில் ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டது. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்று பேஸ் காணாமல் போனது. இரண்டு நிமிட வேலை, வயரை மாற்றிச் சொருகினால் போதும். சின்ன வேலையில் கைவைப்பது பெரியவர்களுக்கு அழகா?

“தம்பி, பேஸ் பத்தலையா? டிக்கில ஒரு பாக்ஸப் போட்ருவோம்.”

“வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்லண்ணே?”

“நம்ம கைபட்ட வண்டிக்கு என்னப்பா ஆகப்போகுது!”

போட்டார்கள். அழகர்கோயிலுக்குக் குடும்பமாகப் போனபோது டிக்கியில் சப்-ஊஃபர் சவுகரியமாக உட்கார்ந்து வந்தது. பைகள் அப்பத்தா மடியில். “ஏப்பா, நெஞ்சுக்குள்ள யாரோ உலக்கையால இடிக்கிற மாதிரி இருக்குப்பா” என்றார் அப்பத்தா. தனக்குக் கிடைத்த விமரிசனங்களிலேயே சிறந்ததாக வள்ளல் அதை எடுத்துக்கொண்டார்.

ஜெனரல் மோட்டார்ஸின் 1983 மாடல் கார்கள் சிலவற்றுக்கு அமர் போஸ் என்கிற பேராசிரியர், அந்தந்த காரின் உள்ளறையை அளந்து அதற்கேற்ப ஸ்பீக்கர் அமைத்தாராம். வெட்டி வேலை. நம்மவர் ஈக்வலைசரில் பேஸைக் கடைசி வரை ஏற்றினார், ட்ரெபிளையும் கடைசி வரை ஏற்றினார், முடிந்தது அளவு. மனிதக் குரல் குடியிருக்கும் நடுப்பகுதி பள்ளத்தில் போனது. டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் பிறந்த ஊர் இது, எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்ததும் இங்கேதான். இருவர் குரலும் இந்தக் காரில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல ஒலிக்கின்றன. பண்ணைப்புரத்து இளையராஜா பேஸ் கிதாருக்குத் தனியாக எழுதி வைத்த மெட்டெல்லாம் ஒரே சீரான ‘டொம் டொம்’ ஆகிவிட்டது. பேதம் பாராட்டாத செட்டு.

இதே ஊரில் கஞ்சர்களும் இருக்கிறார்கள். கம்பெனி திரையை மாற்ற மாட்டார்கள். முதல் வேலையாகக் கதவுத் தகட்டின் ஓட்டைகளை அடைத்து, டேம்பிங் ஷீட் ஒட்டுவார்கள். ரிங் ரோட்டின் டயர் இரைச்சல் குறையுமாம், அதனால் வால்யூமையே ஏற்ற வேண்டாமாம். முன்கதவில் ஒரு நல்ல ஜோடி, சீட்டுக்கடியில் சின்ன நாலு சேனல் ஆம்ப், கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் ஒரு தடுப்பு. செலவு அதே இருபதாயிரத்தைச் சுற்றித்தான். பாட்டு கண்ணாடிக்கு முன்னால் மேடை போட்டதுபோல் நிற்கும். குரல் குரலாகக் கேட்கும். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தானே தின்னும் ஜாதி.

நம்மவர் அப்படியா? கோரிப்பாளையம் தாண்டி, அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கும் பனகல் ரோட்டிலும் கண்ணாடியை இறக்கியே போவார். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அறிவித்தால் அங்கே பகலில் 50 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 40. சட்டம் மறந்துபோன நோயாளிகளை அவர் மறக்கவில்லை. தூங்கா நகரத்தில் யாராவது கண்ணயர்ந்தால் ஊர்ப் பெயர் என்னாவது?

கர்ணன்கூடக் காதிலிருந்த குண்டலத்தைத்தான் கொடுத்தான். இவர் காதையே கொடுக்கிறார். 80 டெசிபலென்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் நாலே மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வாரக் கணக்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கப்பலூர் டோல்கேட் போய்த் திரும்புவதற்குள் பெரும்பாலும் முடித்துவிடுகிற சுறுசுறுப்பு அவருக்கு.

கொஞ்ச நாளாகச் செட்டு முன்னைப்போல் கேட்கவில்லையாம். ஸ்பீக்கர்தான் சொத்தை என்று முடிவுக்கு வந்து, இன்னொரு பாக்ஸ் போட முன்பணமும் கொடுத்துவிட்டார். டிக்கியில் இடமில்லை, ஸ்டெப்னியைத் தூக்கி வீட்டில் போட்டுவிடலாம் என்று ஃபிட்டர் அண்ணன் வழி சொல்லியிருக்கிறார். நடுவழியில் பஞ்சரானால் என்ன, பேட்டரி இருக்கிறவரை பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாமே.