பின்னால் வெளிநாடு தெரிய வேண்டும்

அன்புள்ள மாமாவுக்கு,



போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா போய்வந்தேன். சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் என்பார்கள். ஜோகூர் பாலத்தில் நின்ற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் விசா கேட்பதில்லை. ரூமில் இருக்கிற வெள்ளிமலைக்காரன், "சும்மா உள்ள விடறப்பவே பாத்துடுவோம், வா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

ஊர் நடுவில் எல்லாம் ஒரே சிவப்பு. டச்சுக்காரன் கட்டியது, பின்னால் வந்தவன் கட்டியது என்ற பேதமில்லாமல் ஒரே பெயிண்ட். கல்யாணத் தரகர் கேட்கிறார், பின்னால் வெளிநாடு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு என்று நீங்கள் சொன்னீர்களே, அதை இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயத்துக்குள் நுழைந்தது தப்பாகப் போயிற்று. மேலே விட்டம் ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர். ஒவ்வொன்றும் ஒரே மரம் மாமா, நடுவில் ஒட்டே கிடையாது! நம் மரப் பட்டறையில் ஏழடி நிலைக்கு வெடிப்பில்லாத மரம் தேடி நீங்கள் சின்னசேலம் வரை அலைந்தீர்களே. தரையில் பதித்த கல்லறைக் கற்களில் டச்சுக்காரன், ஆர்மீனியன் பேரெல்லாம் வெட்டியிருக்கிறது. அந்த விட்டத்தை இழைத்து மேலே ஏற்றின ஆசாரி பேரைத்தான் காணோம். நான் அண்ணாந்து நின்ற நேரத்தில் வெள்ளிமலைக்காரன் வாசலிலிருந்து எடுத்த படத்தில் என் தொண்டைக்குழி மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

அடுத்து கோட்டை. 1511-இல் ஊரைப் பிடித்ததும் போர்த்துக்கீசியன் கட்டத் தொடங்கினான். டச்சுக்காரன் அவனைத் துரத்திவிட்டு, வாசலுக்கு மேல் 1670 என்று வெட்டி வைத்தான். 1807-இல் இங்கிலீஷ்காரன் அதை இடிக்க ஆரம்பித்தான். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் சொல்லித் தடுத்ததால் ஒரு வாசல் தப்பியது என்கிறார்கள். அந்த ஒரு வாசல்தான் கோட்டை. மதில் இல்லை, கதவு இல்லை, கூட்டம் மட்டும் இருக்கிறது. வெள்ளிமலைக்காரன் அதற்குள் நாலு தடவை போய்வந்து, "இப்ப நான் உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

பின்னாலேயே செயின்ட் பால் குன்று. நான் பாதியில் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் உச்சியில் நின்று, "இதுக்குப் பேரு மலையா? கல்வராயன்ல எங்க ஆயா இதுமேல விறகுக்கட்டோட ஏறும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். மேலே 1521-இல் கட்டிய தேவாலயம், கூரை இல்லாமல் நிற்கிறது. நம் சவேரியார் சீனக் கரையோரம் இறந்தபின், கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் உடலைச் சில மாதம் இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள். வெளியே அவர் சிலைக்கு வலது கை இல்லை. 1952-இல் சிலை வைத்த மறுநாளே சவுக்கு மரம் விழுந்து ஒடிந்துபோனதாகச் சொல்கிறார்கள். சவுக்கை நம்பக் கூடாது என்று நீங்கள் சொல்வது எந்த நாட்டிலும் சரிதான். பின்னமான சிலை பக்கத்தில் நின்ற படம் கல்யாணப் பேச்சுக்கு ஆகாது என்று அத்தை சொல்வார்கள், அதனால் எடுக்கவில்லை.

அடிவாரத்தில் பழைய சுல்தான் அரண்மனையைப் போலவே மரத்தில் ஒன்று கட்டி 1986-இல் திறந்திருக்கிறார்கள். ஆணி இல்லாமல் மர முளையாலேயே பூட்டியது என்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. தூணடியில் மண்டியிட்டு முளை எந்தப் பக்கத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். காவலாளி ஓடிவந்து, மோதிரம் கீழே விழுந்துவிட்டதா என்று கேட்டார். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழிப்பறை இருக்கும் திசையைக் காட்டினார்.

பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் போனோம். 1781-இல் எழுந்தது. அதே தெருவில் பள்ளிவாசல், சீனக் கோயில். அங்கே ஒரு பெரியவர், மலாக்கா செட்டிமாராம். நெற்றி நிறையத் திருநீறு. "எந்த ஊர் தாத்தா?" என்றேன். மலாயிலேயே பதில் வந்தது. சுல்தான் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வம்சம். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. பெண் தேடித் தரகரிடம் அலைகிற என்னைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கடைத்தெருவில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஜவ்வரிசி ஒரு கிண்ணம் ஐந்து ரிங்கிட், நம் காசுக்கு நூறு ரூபாய் இருக்கும். நம் ஊரில் ஜவ்வரிசிக்காக வாங்கும் மரவள்ளி மூட்டைக்கு மில்காரன் கொடுக்கிற விலையை நினைத்து வெள்ளிமலைக்காரன் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே முறைத்தான். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

சாயங்காலம் சைக்கிள் ரிக்‌ஷா. இந்த ஊரில் அது சும்மா வராது; பிளாஸ்டிக் பூ, சீரியல் பல்பு, ஸ்பீக்கர், தலைக்கு மேல் ரோஸ் ரிப்பன் கட்டிய ஆளுயர ஹலோ கிட்டி பூனை. ஓட்டுபவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழ்க் குத்துப்பாட்டு போட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு படம் விழுந்தது. நான் சிரிக்கிறேன், கண் திறந்திருக்கிறது, பின்னால் சிவப்புக் கட்டடம் தெளிவாகத் தெரிகிறது.

அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். பூனையை வெட்டிவிட்டுத் தரகரிடம் கொடுங்கள். வெட்டினால் என் தலையில் பாதி போய்விடும் போலிருந்தால், அப்படியே கொடுத்து, கம்பெனி வண்டி என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்