மாட்டை விரட்டிவிட்டுச் சாணிக்குத் திட்டம்

புத்ராஜெயாவில் எரிவாயுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சாணிக்குத்தான் பஞ்சம்.

2001இல் ஆரம்பித்தார்கள். விவசாயக் கழிவு உட்பட புதுப்பிக்கத்தக்க வழிகளில் 2005க்குள் மலேசியாவின் மின்சாரத்தில் 5 விழுக்காடு என்றார்கள். கணக்குக்கு 500 மெகாவாட். வந்தது 12. 2010இல் அடுத்த வாக்கு: 2020க்குள் ஒவ்வொரு செம்பனை ஆலையும் கழிவுநீரில் கிளம்பும் மீத்தேனைப் பிடித்தே தீரும். 2020 வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஆலைகள் பிடிக்கவில்லை. நடுவில், 2011இல், தேசிய உயிர்த்திரள் (பயோமாஸ்) வியூகம். அதில் 30 பில்லியன் ரிங்கிட் கூடுதல் வருமானம் என்றார்கள். அது எங்கே என்று கேட்காதீர்கள், 2023இல் புதிய செயல்திட்டம் வந்துவிட்டது. கெடு 2030. கெடு மட்டும் தவறாமல் வளர்கிறது.

கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது என்ன பெரிய வித்தையா? நாலு மாடு கட்டிய வீட்டில் நாளொன்றுக்கு 40 கிலோ சாணி தேறும். அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் ஊற்றினால், கிளம்பும் வாயுவில் ஒரு குடும்பத்துக்குச் சோறும் கறியும் வெந்துவிடும். வெளியே வரும் கரைசல் கத்தரிக்கும் வெண்டைக்கும் உரம். இந்தியாவில் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களிலேயே இந்தத் தொட்டியைக் கட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. ஆலோசகர் வேண்டாம். கொத்தனார் போதும்.

இதற்குத் தோதான வீடுகள் எங்கே இருந்தன தெரியுமா? இந்தத் திட்டங்களை எழுதும் அலுவலகங்கள் நிற்கிற அதே மண்ணில். பெராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களில். பின்கட்டில் கொட்டகை, பக்கத்தில் காய்கறிப் பாத்தி. தோட்டத் தமிழன் பிழைப்பே அதுதான். அங்கே நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா எழும்பியது. ஆட்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். சுவர் பிளந்தது. தரைவீடு தருகிறோம் என்றார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் காக்க வைத்தார்கள். மாட்டை எங்கே கட்டுவது, மாடிப்படியிலா?

இப்போது அந்த மாடிகளுக்கு 14 கிலோ கேஸ் தோம்பு ஏறுகிறது. 26 ரிங்கிட் 60 சென். சலுகை விலையாம். ஓசியில் எரிந்திருக்கக்கூடிய அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, காசுக்கு விற்கும் தோம்பில் சலுகை! நன்றி சொல்ல மறந்துவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் தோட்டங்களிலாவது மாடு நிம்மதியாக மேய்கிறதா? வெளியேற்றச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. செம்பனைக் கன்றை மிதித்துவிடுமாம். செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குட்டைகளில் மட்டும் மீத்தேன் இரவு பகலாகக் கொப்பளிக்கலாம். கரியமில வாயுவைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு சூடேற்றுகிற வாயு அது. அதைப் பிடிப்பது புதிய ஆலைகளுக்கு 2014 முதல் கட்டாயம் என்றார்கள். பழைய ஆலைகளிடம், பாவம், கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். வரிச்சலுகை, மின்சாரத்துக்கு நல்ல விலை எல்லாம் கொடுத்து. நாலு மாட்டுக்காரனுக்கு நோட்டீஸ். நாற்றமடிக்கும் குட்டைக்காரனுக்கு ஊக்கத்தொகை.

2030க்குள் யாராவது ஓர் அதிகாரி காரை எடுத்துக்கொண்டு டெங்கிலுக்கு வரலாம். கூப்பிடு தூரம்தான். மாடு வைத்திருக்க நாலு முழ நிலம் கொடுத்து, ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தால் முடிந்தது வேலை. வரமாட்டார்கள். கொத்தனாருக்குப் பவர்பாயிண்ட் தெரியாது.