மருமவனுக்கு ஒரு பிழைப்பு யோசனை

வா மருமவனே, குந்து. கம்ப்யூட்டர்ல சொருவுற கேன் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுறியாமே. 1964ல அம்பத்தூர் எஸ்டேட் வந்ததுலேருந்து பாத்துக்கினு கீறேன். பாடியிலேருந்து ஆவடி வரைக்கும் வண்டிச் சாமான் பண்ணாத தெரு கிடையாது. அங்க வேலையை ஒழுங்கா முடிச்சவனெல்லாம் சீக்கிரமே வூட்டுக்குப் போனான். அதனால சொல்றேன், கேளு.

இந்த சாக்கெட்ங்கிற புது வழி பக்கமே போவாத. பழையபடி கேரக்டர் டிவைஸாவே போடு. ஒரு புரோகிராம் தொறந்துச்சுன்னா மத்ததெல்லாம் வெளிய நிக்கும், லைன் வூட்டுல எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் சாவி மாதிரி. டெஸ்ட் பண்றவன் உள்ள இருந்தா, லாக் எழுதுறவன் வெளிய நெளிவான். சாவி உன் இடுப்புல. எவ்ளோ மரியாதை! கார்டு கம்பெனியை மாத்துனா இன்னும் விசேஷம்: மேல இருக்குற புரோகிராமைத் திரும்ப எழுதணும், திரும்ப பில்லு.

இந்தப் பிழைப்புல மண்ணைப் போட்டவன் ஜெர்மனிக்காரன். 1986ல பாஷ்காரன் டெட்ராய்ட்டுக்குப் போயி, வண்டிக்குள்ள கீற பாகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் பஸ்ஸைக் காட்டினான். ரெண்டே வயரு, ஒருத்தன் பேசுனா அத்தினி பேருக்கும் கேக்கும். ரெண்டு பேரு ஒண்ணா வாயத் தொறந்தா சின்ன நம்பர்க்காரன் பேசுவான், பெரிய நம்பர்க்காரன் கம்முனு ஆயிடுவான். அப்பால வோக்ஸ்வேகன் ஆராய்ச்சிக்காரங்க கார்டையே நெட்வொர்க் கார்டு கணக்கா ஆக்கிட்டாங்க. வயரே பொதுவா கீறப்போ டிரைவர் மட்டும் ஒத்த ஆளுக்கு எதுக்காம்! பேரு சாக்கெட்கேன். 2008ல லினக்ஸ் 2.6.25லயே சேத்துக்கினாங்க.

இப்ப எந்தக் கார்டும் கேன்0ன்னு வந்து நிக்குது. பத்து புரோகிராம் பத்து சாக்கெட் தொறக்கலாம். எந்த நம்பர் வேணும்னு சொல்லிவெச்சா கர்னலே சலிச்சுக் குடுக்குது. கார்டே இல்லாட்டியும் விகேன்ங்கிற பொய்க் கார்டு கீது, வூட்டுலயே சோதிச்சுக்கலாம். சாக்கெட்டுன்னதும் இன்டர்நெட்ல திருடன் வருவான்னு முதலாளியை மிரட்டலாம்னு பாத்தா, இதுக்கு ஐபி அட்ரஸே கிடையாதாம்! வயித்தெரிச்சல்.

ஒரே பயம் தான். எதுத்த ஷெட்டுல புதுசா சேந்த பொண்ணு சாக்கெட் எழுதிக் காட்டிட்டா, உன் சாவியை யாரு கேப்பா? அதுக்கு முன்ன நீயே எழுதிப்புடு. ஆனா ஒண்ணு: அப்புறம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்த முதலாளியும் போன் பண்ணி உன்னைக் கெஞ்ச மாட்டான். மரியாதை போச்சேன்னு என்கிட்ட வந்து அழக் கூடாது.