தொகுதிக்கு ஒரு எம்.பி.

நெல்லைச் சாலையில் புதுக்கோட்டை தாண்டி வரும் 30 டன் கன்டெய்னரைத் தூத்துக்குடித் துறைமுகம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறது. அதன் பில்லை ஸ்கேன் செய்து அனுப்பிப் பாருங்கள், ஒழுக்கம் என்றால் என்னவென்று தெரியும். பில் ஏறும் தளத்தின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர், அமைப்பை யாரும் மாற்றாதவரை, 1 எம்.பி.க்கு மேல் தொடாது. ‘413’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும்.

இதன் அருமை தானியங்கி வேலைகளில்தான் பளிச்சிடும். நள்ளிரவில் பில்களை வரிசையாக அனுப்பும் ஸ்கிரிப்ட், 1.2 எம்.பி. கோப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் குமாஸ்தா வந்து, கோப்பைச் சுருக்கி, கையால் ஏற்றுவார். வேலைவாய்ப்பு காப்பாற்றப்பட்டது!

சில அவசரக்காரர்கள் சர்வர் வரம்பை 20 ஆக்கிவிடுவார்கள். பதற வேண்டாம், உள்ளே பி.எச்.பி. காவல் இருக்கிறது: கோப்புக்கு 2, மொத்தத்துக்கு 8.

இந்தக் காவலர்களுக்கெல்லாம் ஆசான், வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். கையெழுத்துக்கு 10 முதல் 20 கே.பி. நீளமாகப் பெயர் வைத்த பெற்றோர் யோசித்திருக்க வேண்டும்.

வரம்பை உயர்த்தக் கோரும் கடிதத்தையும், பில் அனுப்பும் அதே தளத்தில்தான் ஏற்ற வேண்டுமாம். முத்திரை தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்தால், 1.4 எம்.பி.