மங்குப் பாலும் சோதனைக் குழாயும்: கேள்வி-பதில்

கே: ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்துக் காட்டினார் எங்கள் இரசாயன ஆசிரியர். வீட்டில் சொன்னால் பாட்டி சிரிக்கிறார். ஏன்? (படிவம் 5 மாணவி, பெஸ்தாரி ஜெயா)

ப: தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசலில் நின்றவராக இருப்பார். நீ முகவையில் பார்த்ததை அவர் தொட்டி தொட்டியாகப் பார்த்திருப்பார். அதற்கு மதிப்பெண் யாரும் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதப் படலம் மூடியிருக்கும். படலமெல்லாம் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றையொன்று அண்ட விடாது. பார்மிக் ஆசிட்டின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னேற்றத்தைச் சமன் செய்ததும் துகள்கள் மோதும், படலம் கிழியும், உள்ளிருக்கும் நீண்ட மூலக்கூறுகள் பின்னிக்கொள்ளும். இன்னொரு முகவையில் அம்மோனியா விட்டால் பால் பாலாகவே இருக்கும். மூன்றாவதில் ஒன்றும் விடாமல் மறுநாள் வந்து பார்: பாக்டீரியா தானே அமிலம் சுரந்து கட்டியாக்கியிருக்கும். மங்கில் கிடக்கும் கட்டிப்பால் அப்படி வந்ததுதான். அந்த நெடியைப் பற்றிப் பாட்டியிடமே கேள். பாடநூலில் இல்லை.

கே: ரப்பரில் கந்தகம் சேர்க்கும் சோதனையை மட்டும் ஏன் கண்ணாடிப் புகை அலமாரிக்குள் செய்கிறார்கள்? (தஞ்சோங் காராங் வாசகர்)

ப: அது வெறும் கந்தகப் பொடி அல்ல, டைசல்பர் டைகுளோரைடு. ஈரக்காற்று பட்டாலே புகையும், மூக்கு தாங்காது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்தபோது அலமாரியும் இல்லை, கையில் காசும் இல்லை. கடனாளியாகவே 1860இல் செத்தார். பெயர் மட்டும் டயரில் ஓடுகிறது.

கே: செம்பனை எண்ணெயில் சோப்பு செய்தோம். குளிக்கலாமா? (மாணவர், புக்கிட் ரோத்தான்)

ப: வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு மிச்சமிருந்தால் அழுக்கோடு தோலும் போகும். உப்புப் போட்டதும் சோப்பு பிரிந்து மேலே வந்ததல்லவா, அந்த மகிழ்ச்சி போதும்.

காரம் எண்ணெயை உடைப்பதுபோல, அடிபட்ட பழத்தில் நொதியே எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்கும். வெட்டிய குலையை லாரி அவசரமாக ஆலைக்குக் கொண்டுபோவதும், ஆலை அதை முதலில் நீராவியில் வேக வைப்பதும் அதைத் தடுக்கத்தான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உங்கள் மாவட்டத்துத் தென்னமரம்தான். 1917இல் அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, மலாயா வாழ்க்கையை நாவலாக்கி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். துரைக்கு நாவல் எழுத நேரம் இருந்திருக்கிறது. குலை சுமந்தவருக்கு இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கே: கம்போங் குவாந்தான் மின்மினிகூட கரிம வேதியியலா? (வாசகி, ஈஜோக்)

ப: சந்தேகமென்ன! லூசிஃபெரின் என்ற கரிமச் சேர்மம், ஒரு நொதி, ஏடிபி, ஆக்சிஜன். இவை சேர்ந்தால் வெளிச்சம். சூடு ஏறக்குறைய இல்லை. பெரெம்பாங் மரத்தில் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுவது பெண் பார்க்கும் படலம். பாட்டிலில் பிடித்து வகுப்புக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வகுப்பைப் படகில் ஏற்றுங்கள். கைப்பேசி ஃபிளாஷை அணைக்கச் சொல்லிவிட்டு.