ஒரு தீப்பெட்டி, நாற்பத்திரண்டு குச்சி

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய கல்லூரி விளையாட்டு விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

சிவகாசியிலிருந்து ஒரு பார்வையாளன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். தாங்களும், தங்கள் மேடையும், மேடைமேல் போட்டிருந்த சிவப்பு சோபாக்களும் நலமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் மைதானத்தில் நடந்த கல்லூரிகளுக்கு இடையேயான மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தைக் கண்டுகளித்த இருநூற்றுச் சொச்சம் பேரில் அடியேனும் ஒருவன். என்ன கண்டேன், எப்படிக் களித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் தீப்பெட்டி.

"எந்த ஊருண்ணே?" என்று வாசலில் நின்ற நீலச்சட்டைத் தம்பி கேட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். விருதுநகர் என்றிருந்தால் எண்ணெய் புரோட்டா பற்றி இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருப்பார். சாத்தூர் என்றிருந்தால் சேவு வாங்கி வரவில்லையா என்று கேட்டிருப்பார். சிவகாசி என்றதும் முகம் மாறிவிட்டது. "கொஞ்சம் ஓரமா வாங்க." பையைக் கவிழ்த்தார்கள். வேட்டி மடிப்பைத் தடவினார்கள். செருப்பைக் கழற்றி உதறச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒற்றைக்காலில் நின்று செருப்பை உதறுவதை வரிசையில் நின்ற பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். கடைசியில் சட்டைப் பையில் கிடைத்தது ஒரு தீப்பெட்டி. ஐம்பது குச்சிப் பெட்டியில் எட்டுப் போக மீதி நாற்பத்திரண்டு.

"நான் பீடி, சிகரெட் தொடறதில்ல தம்பி. பழக்க தோஷத்துல பையில கிடக்கும்" என்றேன்.

"தெரியாதவங்க வச்சிருந்தாக்கூடப் பரவால்லண்ணே. நீங்க தெரிஞ்சவங்க" என்றார் தம்பி.

தங்கள் குழுவில் இவ்வளவு கூர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். சம்பளத்தை உயர்த்துங்கள். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டார். நாற்பத்திரண்டு குச்சியும் என்னைப் பார்த்து ஒரு குலுங்கு குலுங்கின. ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்க எங்கள் ஊருக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது; 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் விலை ஏறியது. வாளிக்குள் போக அதற்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

உள்ளே வந்ததும் தங்கள் அழைப்பிதழைத் தந்தார்கள். முப்பது வருஷமாக ஆப்செட் மெஷினில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டி அட்டையும் அடித்தவன் நான். எதைக் கொடுத்தாலும் முதலில் அச்சைத்தான் பார்ப்பேன். நாலு கலர், நல்ல ஆர்ட் பேப்பர், கலர் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று இருபத்து மூன்று பேர். போட்டோவோடு ஒன்பது பேர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன் ஐயா. விளையாடப்போகிற இரண்டு கல்லூரிகளின் பெயர் எந்த மூலையிலும் இல்லை. அச்சுப் பிழை என்று முதலில் நினைத்தேன். மாலை ஆனபோதுதான் அது பிழையில்லை, கொள்கை என்று புரிந்தது.

ஆட்டம் மூன்று மணிக்கு என்றீர்கள். தொடங்கி வைக்க வேண்டியவர் நாலு நாற்பதுக்கு வந்தார். அதற்குள் பிள்ளைகள் மூன்று தடவை ஓடி உடம்பைச் சூடேற்றினார்கள். மூன்று தடவையும் ஆறிப்போனது. பிறகு பொன்னாடை. நான் எண்ணினேன், வேறு வேலை? பதினேழு. பதினேழாவது ஆடை, பதினாறு ஆடையையும் மடித்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு. அதன்பின் ஒலிபெருக்கி, நேரமின்மை காரணமாக ஆட்டம் பாதிக்கு இருபது நிமிடமாகக் குறைக்கப்படுகிறது என்றது. உலகமெங்கும் பாதிக்கு நாற்பத்தைந்து நிமிடம். பொன்னாடையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும் சிமெண்டு படியை எங்களுக்கு ஒதுக்கியதற்கும் நன்றி. ஷாமியானா சோபாக்காரர்களுக்கு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைக் கோட்டை ஒட்டிப் போட்டதால் படியில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது ஷாமியானாவின் முதுகும் பாதி மைதானமும். கோல் கம்பம் ஒன்றுதான் தெரிந்தது. இன்னொன்று இருக்கிறது என்று நம்பினோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மைதானம் உண்டு. 1927-ல் திறந்தது, ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே ஆடுவதும் கல்லூரிப் பிள்ளைகள்தான். (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டுக் கால்பந்து என்பார்கள், அது அவர்கள் பாடு.) மாணவர்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியிருப்பார்கள். சோபாவின் அருமை தெரியாத தேசம்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இன்ஜினீயரிங் காலேஜின் பின்பலத்தில் வளர்ந்த மகளிர் அணி சேது எஃப்.சி. 2019 மே மாதம் இந்தியன் விமன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று நாட்டுக்கே சாம்பியன் ஆனார்கள். ஆட்டம் எங்கே நடந்தது? பஞ்சாபில், லூதியானாவில். போட்டி முழுக்க ஒரே ஊரில் வைப்பது அப்போதைய ஏற்பாடு. மானாவாரிக் காட்டு மண்ணில் இருந்து கிளம்பியவர்கள் கோப்பையைத் தூக்கியபோது கைதட்ட எங்கள் ஆள் ஒருவர் அங்கே போயிருந்தால், ரயிலில் இரண்டு ராத்திரி கழித்திருக்க வேண்டும். எங்கள் பெண்கள் ஜெயிப்பதை நாங்கள் செல்போனில் ஸ்கோராகத்தான் பார்த்தோம். அதனால்தான் பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஓர் இறுதியாட்டம், அதில் என் தங்கச்சி மகள் பதினொன்றாம் நம்பர் சட்டையில் ஆடுகிறாள் என்றதும் ஓடிவந்தேன். கையில் ஒரு தீப்பெட்டியோடு.

இப்போது அந்தப் பெனால்டி.

இரண்டாம் பாதி, பதினாறாவது நிமிடம். கோல் இல்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்த கம்பத்தின் பக்கம், பாக்ஸுக்குள் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள். ரெஃப்ரி புள்ளியைக் காட்டினார். பந்தைத் தூக்கி வைத்தது பதினொன்றாம் நம்பர். படியில் இருநூறு பேரும் எழுந்து நின்றோம். அவள் நாலு அடி பின்னால் போனாள். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்னதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். பள்ளிக்கூட வாசலில் அழுகை வரப்போகிறது என்றாலும் முதலில் சாக்ஸைத்தான் இழுத்துவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துப் பரிசு வழங்க வேண்டிய பெரியவரின் கார் தெற்கு வாசலில் நுழைந்தது.

பத்தாயிரம் வாலா ஐயா. கோலுக்குப் பின்னால், ஓடுபாதையில் நீட்டி விரித்து வைத்திருந்தீர்கள். திரி பற்றியதும் நான் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டேன்: மருந்து சரியான கலவை, பின்னலும் நல்ல கை. காற்று வேறு எங்கள் பக்கம். முதலில் கோல் கீப்பர் மறைந்தாள், பிறகு கம்பம், பிறகு பந்து, பிறகு என் தங்கச்சி மகள். ரெஃப்ரி கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். மேடையிலிருந்து தங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர், "நடக்கட்டும், நடக்கட்டும், சார் கெளம்பணும்" என்று மைக்கிலேயே சொன்னார். புகைக்குள் ஒரு விசில். புகைக்குள் ஒரு 'தொப்'. அப்புறம் புகைக்குள் பிள்ளைகள் கத்தும் சத்தம். சந்தோஷமா, அழுகையா தெரியவில்லை. ஒலிபெருக்கி அப்போது பெரியவரின் பட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தது.

என் தீப்பெட்டியை வாசலில் பிடுங்கியவர்கள் அந்தத் திரியை எதைக் கொண்டு பற்றவைத்தார்கள் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இப்போது என் பெட்டியில் நாற்பத்தொன்றுதான் இருக்குமோ?

ஒரு சிறு தகவல், தங்கள் மேலான கவனத்துக்கு. சரவெடியைச் செய்யவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஊரில் சரம் பின்னியே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செய்யும் ஊருக்குச் சட்டம் இருக்கிறது, வெடிக்கும் மைதானத்துக்கு இல்லை போலும். காலடியில் விழுந்த சிவப்புத் தாள் துணுக்கு ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் சூடாக இருந்தது. பக்கத்துப் படியில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

வடக்கு கேட்டைப் பூட்டி வைத்திருந்தீர்கள். புகை வந்ததும் ஜனம் அந்தப் பக்கம்தான் ஓடியது. பூட்டை இழுத்துப் பார்த்தது. யாரிடம் சாவி என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளின் மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அதை மதிக்காததால் செத்தவர்களைத் தூக்கிய கை இது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து. வேலைக்குப் போனவர்கள் மட்டும் சாகவில்லை ஐயா, உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் செத்தார்கள். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசலில் கோப்பையைக் கொண்டாட வந்த பதினோரு பேர் நெரிசலில் செத்தார்கள். பார்க்க வந்தவன் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று உங்களில் ஒருவனுக்குக்கூடவா தோன்றவில்லை? இருபத்து மூன்று பேரில் ஒருவனுக்கு?

மன்னிக்கவும். 'ஒருவருக்கு' என்று திருத்தி வாசிக்கவும். வெயிலில் இருந்த தலை, சூடு இன்னும் இறங்கவில்லை. விழா சிறப்பாக நடந்தது. பெரியவரின் பேச்சு, நாடு, தாய்மொழி, தங்கள் கல்லூரியின் புதிய ஆய்வகம் என எல்லாவற்றையும் தொட்டுச் சென்றது. கால்பந்தைத் தொடவில்லை, கையால் தொட்டால் ஃபவுல் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கோப்பையை அவரிடமிருந்து வாங்கும்போது ஜெயித்த பிள்ளைகளைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னதில்தான் பெனால்டி கோல் ஆயிற்று என்பதை நாங்கள் தெரிந்துகொண்டோம். நகர்த்தப்பட்டவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்.

இனி என் கோரிக்கைகள். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் அணிகளின் பெயரைக் கடைசி வரியிலாவது, எட்டு பாயிண்டிலாவது போடுங்கள். அச்சுக்கூலி வேண்டாம், நானே அடித்துத் தருகிறேன். வடக்கு கேட்டின் சாவியை ஓர் ஆளிடம் கொடுத்து அந்த ஆளை அங்கேயே நிற்க வையுங்கள். பிறகு அந்தத் தீப்பெட்டி. புதுசு வேண்டாம். அதே பெட்டி, லேபிளில் மயிலின் வால் கொஞ்சம் பிசகியிருக்கும், என் மெஷின் ஓட்டியது.

திரும்பும் வழியில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இருந்தபோது போன் வந்தது.

"மாமா, பாத்தீங்களா?"

"பாத்தேன்மா, பிரமாதம்."

"எந்தப் பக்கம் அடிச்சேன், சொல்லுங்க?"

கொஞ்சம் யோசித்து, "வலது பக்கம்" என்றேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. "ஆமா மாமா" என்றாள்.

அவள் அடித்தது இடது பக்கம். மறுநாள் என் தங்கச்சி சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெயில் பக்கம், மூன்றாம் படி